மூணாவது பேண்டா, முப்பது மீட்டர் ஒயரா?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



டிப்ளமோவில் அட்மிஷன் போட்ட அன்றைக்கே நாம் எல்லோரும் வீட்டுக்கும் தெருவுக்கும் இன்ஜினியர் ஆகிவிட்டோம். நாமாகச் சூட்டிக்கொண்ட பட்டமல்ல அது. மிக்சி சுத்தவில்லையா, கூப்பிடு அவனை. டிவியில் படம் வரவில்லையா, கூப்பிடு அவனை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர்கள் கிடையாது. அதனால் நான் சொல்வதெல்லாம் எங்கள் வீட்டில் வேதவாக்கு! கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பேச்சை நம்பி ஒருவர் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டும்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

இந்த ஒரு வருஷமாக என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பி, வீடு முழுக்க வைஃபை வரணும். மெஷ்னு ஒண்ணு வந்திருக்காமே. அதுல டூயல் பேண்ட் வாங்கவா, ட்ரை பேண்ட் வாங்கவா?" கடையில் போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. இரண்டைவிட மூன்று பெரிது, ஆகவே மூன்றை வாங்கு! விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சில செட்டுகளில் மூன்று மடங்கு.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு டூயல் பேண்ட் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு லேன் ஒயரை இழுத்துவிட்டால், அது எந்த ட்ரை பேண்ட் செட்டுக்கும் சளைக்காமல் உழைக்கும். இதைச் சொன்னால் "நீ என்னடா எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு ஒயரைப் பிடிச்சுத் தொங்குறே?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். காரணத்தைச் சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பேண்ட் என்றால் என்ன என்று சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக நாலு வரி. (நம் பிரிவு நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் பயங்கர நெரிசல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதிலேயே புளூடூத்தும் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைகிறது. இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் பாதி. இடம் தாராளம், வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸை 2005-லேயே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த விட்டுவிட்டார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 2018 அக்டோபரில்தான் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகக் கிடைத்தது. இந்த இரண்டும் உள்ள பெட்டி டூயல் பேண்ட். இதோடு மூன்றாவதாக ஒரு ரேடியோவைச் சேர்த்தால் ட்ரை பேண்ட். அந்த மூன்றாவது, இன்னொரு 5 கிகாஹெர்ட்ஸாக இருக்கலாம், அல்லது புதிதாக வந்திருக்கும் 6 கிகாஹெர்ட்ஸாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்! அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் கண்டுபிடிக்க முடியாது.

சரி, மெஷ்ஷுக்கு வருவோம். ஒரு ரூட்டரால் எட்ட முடியாத அறைக்கு இன்னொரு பெட்டியை வைக்கிறோம். முதல் பெட்டி இன்டர்நெட்டை வாங்கி இரண்டாவது பெட்டிக்குத் தருகிறது, இரண்டாவது அதை நம் போனுக்குத் தருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஹாலிலிருந்து மாடிக்கு நடந்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். இதில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்கு பேக்ஹால் என்று பெயர். டூயல், ட்ரை சண்டை முழுவதும் இந்த பேக்ஹாலைப் பற்றியதுதான். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாசல், ஒரே கண்டக்டர். முன்னால் டிக்கெட் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓட வேண்டும், பின்னால் முடித்து முன்னால் வர வேண்டும். டூயல் பேண்ட் மெஷ்ஷில் இரண்டாவது பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இந்தக் கண்டக்டர்தான். முதல் பெட்டியோடு பேசுவதும் அதுவே, நம் போனோடு பேசுவதும் அதுவே. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது. ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகும். ட்ரை பேண்டில் பின்வாசலுக்கென்று தனிக் கண்டக்டர். மூன்றாவது ரேடியோ பேக்ஹாலை மட்டும் கவனித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது?

ஆனால் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண டூயல் பேண்ட் செட்டில் ஏசி 1200 என்று எழுதியிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, கூட்டினால் 1167, அதை இழுத்துப்பிடித்து 1200 ஆக்கியிருக்கிறார்கள். எந்தப் போனும் இரண்டையும் கூட்டி வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். அந்த 867-ம் காகிதக் கணக்கு. ஒரு சுவர் தாண்டி வைத்தால் அது 400 பக்கம் இறங்கும். அதிலும் நிஜமாக டேட்டா போவது பாதிக்குக் கொஞ்சம் மேலே, 200 அல்லது 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கண்டக்டர் என்பதால் அதையும் பாதியாக்கினால் 100 முதல் 120 எம்பிபிஎஸ். தோராயக் கணக்குத்தான், வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் நம் தெருவில் யார் வீட்டில் இதைத் தாண்டிய பிளான் இருக்கிறது? ஐம்பது, மிஞ்சிப்போனால் நூறு. நல்ல தெளிவான சினிமா ஒன்று ஓட 5 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்துக்கே இருபது பக்கம்தான். முனிசிபாலிட்டி குழாயில் அரை இஞ்சில் வருகிற தண்ணீருக்கு வீட்டுக்குள் நாலு இஞ்ச் பைப் போட்டு என்ன பிரயோஜனம்?

இப்போது சுவர். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

வீடுகளுக்கான மெஷ் செட்டுகள் பெரிய அளவில் கடைக்கு வந்தது அமெரிக்காவில், 2016-ல். ஈரோ, கூகுள் வைஃபை, நெட்கியர் நிறுவனத்தின் ஆர்பி மூன்றும் அதே வருஷம். முதல் இரண்டும் இரண்டு பேண்ட், ஆர்பி தொடக்கத்திலேயே பேக்ஹாலுக்குத் தனி ரேடியோவோடு வந்தது. ஆக இந்தச் சண்டைக்கு வயது அவ்வளவுதான். அந்த நாட்டு வீடு எப்படிப்பட்டது? பெரும்பாலும் மரச்சட்டம், இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. கையால் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். அலை அதைத் தாண்டிப் போவது பெரிய காரியமில்லை. அட்டைப்பெட்டியில் இத்தனை ஆயிரம் சதுர அடிக்குப் போதும் என்று போட்டிருப்பதெல்லாம் அந்த மாதிரி வீட்டை மனதில் வைத்துத்தான். நம் வீடோ ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு. மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். பாத்ரூமுக்கு டைல்ஸ். மூலையில் காத்ரேஜ் பீரோ!

வெட்டவெளியிலேயே, அதே மாதிரி ஆன்டெனா என்றால், 2.4-ஐவிட 5.5 கிகாஹெர்ட்ஸில் 7 டெசிபெல் குறைவாகத்தான் வந்து சேரும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இது சுவரே இல்லாதபோது. சுவரும் தளமும் வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் அடிவாங்கும். 10 டெசிபெல் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், 20 போனால் நூற்றில் ஒரு பங்கு. இந்தப் பாடம் நமக்கு இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பரீட்சையில் எழுதினோம், மார்க் வாங்கினோம், வீட்டுச் சுவரோடு அதைச் சேர்த்துப் பார்த்தோமா?

ட்ரை பேண்டின் மூன்றாவது ரேடியோவும் 5 கிகாஹெர்ட்ஸ்தான், அல்லது அதற்கும் மேலே 6. எந்தச் சுவர் பழைய ரேடியோவைத் தடுத்ததோ அதே சுவர் புதியதையும் தடுக்கும். வாசலையே அடைத்து வைத்திருக்கும்போது இரண்டாவது கண்டக்டர் நின்று என்ன செய்வார்? பணம் போனதுதான் மிச்சம்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் இருக்கும் என் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து அடி அகலம், அறுபது அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி வீடு. பின்பக்கத்தில் பிற்பாடு மாடி எடுத்தார்கள். மாடியறையில் மதினி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பைபர் போட வந்த பையன் ஒயர் உள்ளே நுழையும் முன்ஹால் மூலையில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். எல்லா வீட்டிலும் அங்கேதான் வைக்கிறார்கள்! மாடியில் மீட்டிங் பேசும்போது பாதியில் குரல் அறுந்துபோகிறது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லிவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சென்னையில் வீடு பிடித்துத் தங்க முடியுமா? வேலையை விட வேண்டியதுதான். மாமா கடைக்குப் போய் விசாரித்து, மூன்று பெட்டி கொண்ட ட்ரை பேண்ட் செட்டுக்குப் பத்து மாதத் தவணை பேசிவிட்டு, கடைசியாக எனக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, நீ சரின்னு சொன்னா நாளைக்கே வாங்கிருவேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க மாமா. நான் வந்து பாக்குறேன்."

போனில் சிக்னல் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஹாலிலிருந்து மாடி வரை நடந்தேன். இந்த அளவு மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பெட்டிக்கு அருகில் மைனஸ் 40. இரண்டாவது அறையில் மைனஸ் 61. அடுக்களையில் மைனஸ் 76. மாடியறையில் 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை, 2.4 மட்டும் மைனஸ் 85-ல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பேச்சு அறுந்துபோகாமல் இருக்க மைனஸ் 67 பக்கமாவது வேண்டும் என்பார்கள். ஹாலுக்கும் மாடியறைக்கும் நடுவில் நான்கு சுவரும் ஒரு தளமும். பிளான் எவ்வளவு என்று கேட்டேன். நூறு எம்பிபிஎஸ்.

நான் சொன்னது இதுதான்: இரண்டு பெட்டி கொண்ட டூயல் பேண்ட் செட், ஹாலில் ஒன்று, மாடியறையில் ஒன்று, நடுவில் ஒரு கேட் 6 ஒயர். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாப்ளே, வயர்லெஸ்னு சொல்லித்தான விக்கிறான். நீ ஒயர் இழுக்கச் சொல்றே?"

"போனுக்குத்தான் மாமா ஒயர் வேண்டாம். பெட்டி ரெண்டும் நகரவா போகுது?"

அத்தைக்கு வேறு கவலை. "சுவத்துல ஓட்டை போடப்பிடாது. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு!" நியாயமான கவலைதான். கேபிள் டிவி ஒயர் ஏற்கனவே பக்கச் சுவரில் கிளிப் அடித்து மாடி ஜன்னல் மூலை வழியாக உள்ளே போயிருந்தது. அதே வழியில், வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட ஒயரை இழுத்தோம். 28 மீட்டர் பிடித்தது. மாமா பார்த்து வைத்திருந்த செட்டின் விலையில் இரண்டு பெட்டி, ஒயர், கிளிப், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்தும் பாதிகூட வரவில்லை. மாடியறையில் இப்போது தொண்ணூறுக்கு மேல் காட்டுகிறது. மதினியின் மீட்டிங் அறுந்ததாகச் செய்தி இல்லை. (ஐப்பசி இடி மழையில் மட்டும் வெளிச்சுவர் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் வழி இருந்தால் உள்ளேயே இழுப்பதுதான் நல்லது.)

ஒயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாக ஒரு ஒயர் கொடுப்பார்கள். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கத்தியால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அது வேண்டாம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். முனையில் ஆர்ஜே 45 அடிக்கும்போது கலர் வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இதில் நீலமோ பிரவுனோ சரியாகப் பதியாவிட்டால் இணைப்பு அறுந்துபோகாது, ஆயிரத்திலிருந்து நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி ஓடும். நூறுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஆயிரத்துக்குத்தான் நாலும் வேண்டும். ஆள் அடித்துவிட்டுப் போய்விடுவார், நாம் வருஷக்கணக்கில் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஹாஸ்டலில் என் அறை நண்பன் ஒருவன் இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர். அவன் வாதம் இது: "இன்னைக்கு நூறு. நாளைக்கு ஐந்நூறு வரும், ஆயிரம் வரும். இப்பவே ட்ரை பேண்ட் வாங்கிப் போட்டா அப்ப மாத்த வேண்டாம்ல?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாளைய தேவைக்கு இன்றே வாங்க வேண்டுமென்றால் எதை வாங்க வேண்டும்? பெட்டி என்ன, நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். வைஃபை 5 வாங்கியவர் பெட்டியைப் பிரிப்பதற்குள் வைஃபை 6 வந்தது, 2024 ஜனவரியில் வைஃபை 7-க்கே சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒயர் அப்படியா? கேட் 5இ ஒயரே நூறு மீட்டர் வரை ஆயிரம் எம்பிபிஎஸ் தாங்கும். கேட் 6 ஒயர் ஐம்பத்தைந்து மீட்டர் வரை பத்தாயிரம் தாங்கும். ஐம்பத்தைந்து மீட்டருக்கு மேல் நீளமான வீடு நம்மில் யாருக்கு இருக்கிறது? பெட்டியை எத்தனை தடவை மாற்றினாலும் அதே ஒயர்தான். வருங்காலத்துக்கான சரக்கு எது என்று நீங்களே சொல்லுங்கள். நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் இதே பேச்சுத்தான்.

அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. வாடகை வீட்டில் ஆணி அடித்தாலே ஓனர் மேலே வந்து நிற்பார். ஒயர் இழுக்க விடுவாரா? ஒயருக்கு வழியே இல்லாத வீடு, மூன்று பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல வைக்க வேண்டிய நிலைமை, பிளானும் 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் என்றால் நான் போட்ட கணக்கு உடைந்துவிடும். ஒரு தாவலுக்குப் பாதி, இரண்டு தாவலுக்குக் கால் என்று தேய்ந்துகொண்டே போகும். அங்கே தனிக் கண்டக்டர் தேவைதான். அண்ணன், அக்கா, மாப்பிள்ளை என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேமரா போட்டு மீட்டிங் பேசுகிற வீடும் அப்படித்தான். அவர்களுக்கு ட்ரை பேண்டை நானே சிபாரிசு செய்வேன், அதுவும் பெட்டிகளை இரண்டு சுவருக்கு மேல் விலக்கி வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசே ஆகாது. டிவிக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில், பரண் மேல், கண்ணாடி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கும் பெட்டியை எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில் வைத்துப் பாருங்கள். பைபர் ஒயரைக் கொஞ்சம் நீட்டித் தரச் சொன்னால் தருவார்கள். இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் உள்ள வீட்டில் பாதிப் பேருக்கு மெஷ்ஷே வேண்டாம் என்று ஆகிவிடும். எங்கள் வீடே அப்படிப்பட்டதுதான். அப்பா "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவருக்கு ஏமாற்றம் போல!

நம் பாடத்திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேபில் ஆம்ப்ளிடியூட் மாடுலேஷன் அலையைச் சி.ஆர்.ஓ. திரையில் அழகாக வரவழைக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்தும் வாங்குகிறோம். ஆனால் லேபுக்கும் அடுத்த வகுப்பறைக்கும் நடுவில் உள்ள சுவர் எத்தனை டெசிபெல் தின்கிறது என்று ஒருநாளும் அளந்ததில்லை. அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை, எல்லோர் பையிலும் இருக்கும் போன் போதும். ஒரு பீரியட் ஒதுக்கினால் நம் கட்டடம் முழுவதையும் அளந்து படமே போட்டுவிடலாம். மாணவர் பேரவை நண்பர்கள் துறைத்தலைவரிடம் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வருஷா வருஷம் நம்மில் அறுபது பேர் வெளியே போகிறோம். அறுபது தெருவில் மக்கள் நம்மிடம் கேட்கப்போகிறார்கள்.

6 கிகாஹெர்ட்ஸைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2020-லேயே 1200 மெகாஹெர்ட்ஸை மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் அதன் கீழ்ப்பகுதியை மட்டும், 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, வீட்டுக்குள் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. ஆகவே வெளிநாட்டிலிருந்து சித்தப்பா பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் செட்டுக்கு ஆசைப்படாதீர்கள், அது அந்த நாட்டு விதிக்குத் தயாரானது. இங்கே விற்க அனுமதி பெற்றதாகப் பார்த்து வாங்குவதானாலும், உங்கள் போன் 6 கிகாஹெர்ட்ஸ் பேசுமா என்று பாருங்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போன்களில் அதைத் தேட வேண்டாம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் சிவில் நண்பர்களும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சு வேலை தொடங்கும் முன் எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டி கரண்டுக்குப் பைப் புதைப்பார் அல்லவா, அப்போதே ஹாலிலிருந்து மாடிக்கும் கடைசி அறைக்கும் முக்கால் இஞ்ச் பைப் தனியாக ஒன்று புதைக்கச் சொல்லுங்கள். கரண்டு ஒயர் போகும் பைப்பிலேயே லேன் ஒயரைத் திணிக்கக் கூடாது. ஆபத்து, இரைச்சலும் வரும். இப்போது ஒயர் வாங்கப் பணம் இல்லையா, பரவாயில்லை. பைப்புக்குள் ஒரு இழுகம்பியை மட்டும் போட்டு, இரண்டு முனையிலும் ஸ்விட்ச் பாக்ஸ் வைத்து மூடி விடுங்கள். பைப்புக்கும் பாக்ஸுக்கும் ஆகிற செலவு சில நூறு ரூபாய். எங்கள் தெருமுனையில் ஒரு வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. போன வாரம் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "ஓனர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி, மாடிக்கு ஒண்ணா ரெண்டா?" என்றார். இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.